பதினெட்டில் ஆறு

பிப்ரவரி 8, சனி. அடிவாரம்

ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் மலையேறுவதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது சகலை போவதாகச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

சகலை பிரம்மநாயகம் என் மனைவி ஆவுடையின் அக்காளைக் கட்டியவர். மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயதிலும் தொந்தி கிடையாது. அதைக் காட்டுவதற்காகவே சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார். கல்லூரிப் பேராசிரியை எஸ்தர் ரத்னாபாய் மேடம் வருஷாவருஷம் நடத்தும் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புக்குப் போய்வந்து, எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு பூச்சியாக விவரிப்பார். ஆவுடை கண் கொட்டாமல் கேட்பாள். இந்த வருஷம் நானும் பெயர் கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பூச்சி, நான் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் கட்டுகளைத் தின்னும் ராமபாணப் பூச்சிதான். அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

மொத்தம் நான்கு பேர். மேடம், சகலை, நான், எங்களோடு வரும் வேட்டைத் தடுப்புக் காவலர் பூதத்தான். மூன்று கூடாரம். மேடத்துக்கு ஒன்று, சகலைகள் இருவருக்கும் ஒன்று, அரிசி பருப்புக்கும் பூதத்தானுக்கும் ஒன்று.

சோதனைச் சாவடியில் வனவர் சுடலைக்கண்ணு எங்கள் மூட்டையை அவிழ்த்துப் போட்டு, கல்யாண வீட்டில் சீர்வரிசை எண்ணுகிற மாதிரி எண்ணினார். கூடாரத்தை இழுத்துக் கட்டும் நைலான் கயிற்றைக்கூட விடவில்லை.

“கூடாரத்துக்கு ஆறு வச்சு பதினெட்டு. கம்பி, வயரு, கயிறு மூணும் எண்ணித்தான் உள்ள போவும், எண்ணித்தான் வெளிய வரும். போன வருசம் எவனோ துணி காயப்போட்ட கயித்த விட்டுட்டுப் போயிட்டான். மிளா ஒண்ணு கழுத்து இறுகிச் செத்துக் கெடந்துச்சு. கண்ணி வைக்கிறவனுக்கும் அதே கயிறுதான் வேணும்.”

மிளா என்றால் மாட்டளவு பெரிய மான் என்று சகலை எனக்கு விளக்கினார். கேட்காமலேயே.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது பூதத்தான். உள்ளே போகும் பொருளுக்குக் கூடப்போகும் காவலர்தான் பொறுப்பாம். அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பதினோரு வருஷமாகத் தினக்கூலி. இந்த மாதம் பதினேழாம் தேதி நிரந்தரப் பட்டியல் போகிறது. சுடலைக்கண்ணு ஒரு வரி மாற்றி எழுதினால் பெயர் போய்விடும். இதெல்லாம் டீக்கடையில் நிற்பதற்குள் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டது. எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும், ஊர்க்கதை தானாக வந்து சேரும்.

கயிறுகளுக்குப் பொறுப்பாளர் யார் என்று மேடம் கேட்டார். சகலை கையைத் தூக்குவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் கட்டுக் கட்டிய கை என்றேன். சகலை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு. முதல் முகாம்

காலையில் அடிவாரத்தில் கூடாரம் பிரித்தோம். மேடம் செய்துகாட்டிய முறை இது: முளையைப் பிடுங்கியதும், கயிற்றைக் கூடாரத்திலிருந்து அவிழ்க்காமலே, நுனியிலிருந்து கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டுப் போலச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். துணி வரைக்கும் வந்ததும் சுருளின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருக வேண்டும். ஒவ்வொரு கயிறும் அதனதன் இடத்திலேயே இருக்கும். அடுத்த முகாமில் நுனியை இழுத்தால் அவிழ்ந்து வரும்.

“கயிற அவுக்கவே கூடாது சார். அவுத்து ஒண்ணா போட்டா அவ்வளவுதான்” என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு, பதினெட்டையும் அவிழ்த்தேன். கட்டு வேறு, நாடா வேறு, அட்டவணை வேறு என்று வைப்பதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம். ஒவ்வொன்றையும் மடித்து, ஃபைலுக்குப் போடுகிற ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சைப் போட்டு, வெள்ளை பிளாஸ்திரியில் 1/18, 2/18 என்று எழுதி ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்கினேன். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி.

பூதத்தான் எட்டிப் பார்த்தான். “அண்ணாச்சி, இதுக்குப் பட்டா வாங்கணும்னா உங்ககிட்டத்தான் மனு குடுக்கணுமோ?”

“மூணு நகலோட குடுக்கணும்டே.”

“மழைல நனஞ்சா?”

“நனஞ்ச ஃபைலே எங்க ஆபீஸ்ல நூறு வருசம் இருக்கு.”

மேடம் சிரிக்கவில்லை. சகலை மட்டும் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கம்பியக்கூட தனித்தனியா கழட்டமாட்டோம் சகல. எதுக்கும் பாத்துக்கிடும்” என்றார். முப்பத்து நான்கு வருஷம் கம்பம் ஏறியவருக்கு இவ்வளவு பொறாமை ஆகாது.

பிப்ரவரி 10, திங்கள். காலை, ஏறும் வழியில் ஒரு பாறை

பாறைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏழு மணிக்குக் கூடாரத்தில் ஒரு கயிறு அவிழ்த்திருப்பேன். பூதத்தான் ஓடையிலிருந்து ஓடி வந்தான். சத்தமே போடவில்லை. கையை மட்டும் தரையோடு சேர்த்து அழுத்திக் காட்டினான்.

“குட்டியோட ஒம்பது உருப்படி. காத்து நம்ம பக்கம் இருந்து அடிக்கி. பத்து நிமிசம். அதுக்குள்ள மேல ஏறிரணும்.”

மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டது. யானை தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். தெரிந்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. மேடமும் சகலையும் துணியைச் சுருட்டினார்கள். நான் கயிறுகளை வெடுக் வெடுக்கென்று உருவினேன். எல்லாம் பனியில் நனைந்து, மண் ஒட்டி, நீளமாகக் கிடந்தன. மடிக்க நேரம் ஏது? பதினெட்டையும் வாரிப் பைக்குள் திணித்துக் காலால் மிதித்து வாயைக் கட்டினேன்.

கயிற்றைக் கூடாரத்திலேயே விட்டிருந்தால் துணியோடு சுருண்டு வந்திருக்கும் என்று சகலை ஏறும்போது சொன்னார். ஏறும்போது பேசக்கூடாது, மூச்சு வாங்கும் என்று நான் சொன்னேன். வாங்கியது எனக்கு.

அன்று மாலை, இரண்டாம் முகாம்

நடுமுகாமுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். பெரிய தேன்குழல் ஒன்று விழுந்தது. ஈரக் கயிறு, இரண்டு மணிநேரம் என் முதுகில் குலுங்கி ஒன்றோடொன்று குடும்பம் நடத்திவிட்டது. பிளாஸ்திரி எல்லாம் உரிந்து, 7/18 என் கழுத்தில் ஒட்டியிருந்தது.

பன்னிரண்டு கயிறு பிரித்தேன். நகம் இரண்டு போனது. மேடம் தன் கூடாரத்தை எழுப்பிவிட்டு வந்து நின்றார்.

“எல்லாம் சரியா இருக்கா சங்கரபாகம் சார்?”

“இருக்கு மேடம்.”

“நாளைக் காலைல எல்லாத்தையும் விரிச்சுக் காட்டுங்க. சிக்கு இருந்துச்சுன்னா பொறுப்ப பிரம்மநாயகம் சார்ட்ட குடுத்திருவோம். தப்பா எடுத்துக்காதீங்க. மேல புல்வெளில காத்து வரும்போது கயிறு கைக்கு வரணும்.”

நான் தப்பாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. சகலை, பாவம், தப்பாக எதுவும் சொல்லவும் இல்லை. முருங்கைக்கீரை ஆய்கிற மாதிரி சுண்டலுக்குக் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த வருஷம் எங்கள் சோபாவில் உட்கார்ந்து, “கயிறு விஷயத்துலதான் சகலை கொஞ்சம் தடுமாறிட்டாரு” என்று அவர் ஆவுடையிடம் சொல்லுவது எனக்கு இப்போதே கேட்கிறது.

ஐந்தரைக்குத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய், மேட்டுப் பாறை வரைக்கும் காலாற நடந்துவிட்டு வந்தேன். துண்டை அங்கேயே மறந்துவிட்டேன்.

கயிறு: பதினெட்டு. யாவும் நல்ல நிலையில்.

பிப்ரவரி 11, செவ்வாய். காலை

ஆய்வு முடிந்தது. பன்னிரண்டு மடிப்பையும் தார்ப்பாயில் வரிசையாக வைத்தேன். மேடம் ஒன்றை எடுத்து நுனியை இழுத்தார். சர்ரென்று அவிழ்ந்தது. “வெரிகுட்” என்றார். எண்ணவில்லை. ஆய்வுக்கு வருகிறவர்கள் எண்ணமாட்டார்கள். எது முன்னால் இருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள்.

ஜமாபந்தித் தணிக்கைக்கு முந்தின நாள் எங்கள் ரெக்கார்டு ரூமைப் பார்க்க வேண்டும். அடுக்க முடியாத கட்டுகள் எல்லாம் பீரோவுக்குப் பின்னால் போய்விடும். அதிகாரி போனதும் திரும்பி வந்துவிடும். இதில் எந்தக் கட்டும் தொலைந்ததில்லை. தொலைந்தது என்று எழுதினால்தான் தொலைந்தது.

பதின்மூன்றாம் தேதி இறங்கும்போது இதே வழியாகத்தான் இறங்குகிறோம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எழுத வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 12, புதன். மேல் முகாம், புல்வெளி

காலையில் பூதத்தான் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, நான் கீழ எறங்கிட்டு வாரேன். அரிசில பாதிய நடுமுகாம் மரத்துல கட்டி வச்சிருக்கேன்” என்றான்.

“நானும் வரட்டுமா?”

“நீங்க வந்தா உங்களச் சொமக்கவா, அரிசியச் சொமக்கவா?”

போய்விட்டான். நடுமுகாமில் அவன் எங்கெல்லாம் நடப்பான், ஓடைக்குப் போவானா, மேட்டுப் பாறைப் பக்கம் போவானா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் பதினோரு வகைப் பூச்சிகளைத் தவறவிட்டேன். சகலை பதினொன்றையும் குறித்துக்கொண்டார்.

மூன்று மணிக்குக் காற்று தொடங்கியது. காற்று என்று எழுதுகிறேன், வேறு சொல் தெரியாததால். புல் முழுக்கத் தரையோடு படுத்துவிட்டது. கூடாரத்துக்கு நான்கு கயிறு மட்டும் கட்டியிருந்தேன். மேடத்தின் கூடாரத்தில் ஒரு முளை பிடுங்கிக்கொண்டு பறந்து என் காதோரம் போனது. துணி பட்டம் மாதிரி எழும்ப, சகலை மேலே குப்புற விழுந்து பிடித்தார்.

“மீதிக் கயிற எடுங்க சார்!” மேடம் கத்தினார். “ரெண்டு ரெண்டு இருக்குல்ல!”

நான் பைக்குள் கையை விட்டேன். பை காலி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கையை விட்டுத் துழாவினேன்.

“பூதத்தான் எடுத்துட்டுப் போயிருக்கான் மேடம். அரிசி மூட்டை கட்டதுக்கு.”

வாய் தானாகச் சொல்லிற்று. காற்றில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஒரு மணிநேரம் நாங்கள் மூவரும் மேடத்தின் கூடாரத் துணிமேல் படுத்துக் கிடந்தோம். எங்கள் கூடாரத்தின் கழி ஒடிந்தது. சகலையின் நெற்றியில் ஒரு கல் பட்டு ரத்தம் வழிந்தது. “ஒண்ணுமில்ல வே, கரண்டு அடிச்சதுக்கு இது கொசுக்கடி” என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆறு மணிக்குப் பூதத்தான் வந்தான். தலையில் அரிசி மூட்டை. மூட்டை காட்டுக்கொடியால் கட்டியிருந்தது. மேடம் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

“கீழ பெரிய கொம்பு மிளா ஒண்ணு ஓடைப்பக்கமே சுத்திட்டு கெடக்கு அண்ணாச்சி” என்றான், என்னிடம் மட்டும். “உப்புக்கு வந்திருக்கும்.”

பிப்ரவரி 13, வியாழன். இரண்டாம் முகாம்

முதல் ஆளாக இறங்கினேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நேராக மேட்டுப் பாறைக்குப் போனேன்.

பாறை இடுக்கில் துண்டு மட்டும் இருந்தது. பாதித் துண்டு. நனைந்து, சப்பி, நாராக. மூன்று நாள் வியர்வை ஊறிய துண்டு அது. மண்ணில் குளம்புத் தடம். பாறையில் புதிதாகக் கீறல்.

வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி. சோதனைச் சாவடி, பகல் ஒரு மணி

வனவர் சுடலைக்கண்ணு உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார். நான் வெளியே பெஞ்சில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் இடையே ஒரு சன்னல்.

பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தோம். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“பன்னெண்டுதான் இருக்கு. மிச்சம்?”

பூதத்தான் என்னைப் பார்த்தான். “பையில இருக்குமே. அண்ணாச்சிதான் வச்சிருந்தாக.”

பையைக் கவிழ்த்தார்கள். இரண்டு பிளாஸ்திரித் துண்டு விழுந்தது.

மேடம் மெதுவாகத்தான் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. “பூதத்தான், நீங்க புதன்கிழமை அரிசிக்கு எடுத்துட்டுப் போனீங்கல்ல, அந்த ஆறு?”

“நானா? நா எடுக்கலயே டீச்சரம்மா. கொடி வச்சுல்லா கட்டிட்டு வந்தேன். நீங்களே பாத்தீங்களே.”

“அதான் நானும் யோசிச்சேன். கயிறு கொண்டுபோனவர் எதுக்குக் கொடில கட்டுனார்னு.”

சுடலைக்கண்ணு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “ஏல, தனியா எறங்கினியா? யாருக்குல குடுத்த? கண்ணி போடுறவன் எவனயும் பாத்தியா?”

“சார், என் புள்ளைக மேல சத்தியமா...”

“புள்ளைய எதுக்குல இழுக்க? கணக்கச் சொல்லு.”

அப்போது சகலை பேசினார். நெற்றியில் கட்டோடு, எழுந்து நின்று, சாட்சி சொல்லுகிறவர் மாதிரி. “சார், எங்க சகலை கயிறு விசயத்துல சுத்தமான ஆளு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு வச்சிருந்தாரு. அவரு கைல இருந்து ஒரு நூலு தப்பாது. அத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.”

இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

பூதத்தான் வெளியே போய்விட்டான். அவனுக்குப் பேச இடமில்லை. நான் சுத்தமான ஆள் என்றால் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். அவன் வேப்பமரத்தடியில் குந்தியிருக்கிறான். என் பக்கம் பார்க்கவில்லை. சுடலைக்கண்ணு பத்து வரி எழுதிவிட்டார். சன்னல் வழியாகத் தெரிகிறது. மேலே தேதி, கீழே ‘பட்டியலிலிருந்து’ என்ற சொல்வரை வந்திருக்கிறது.

வண்டி இரண்டு மணிக்கு. நம்மை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அதே மாதிரி ஆறு கயிறு வாங்கி அனுப்பிவிடலாம். மேடத்துக்கு ஒரு கடிதம் போட்டு, பூதத்தான் நல்ல பையன் என்று ஒரு வரி சேர்க்கலாம். இப்படி எழுதிப் பார்த்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

பேனாவை மூடப் போகிறேன்.

அன்று மாலை

மேலே பத்தாம் தேதி, கயிறு பதினெட்டு, யாவும் நல்ல நிலையில் என்று எழுதியிருப்பது பொய். துண்டை மறந்தேன் என்பதும் பொய். சிக்குப் பிடித்த ஆறு கயிற்றையும் துண்டில் சுற்றிப் பாறை இடுக்கில் செருகினேன். சகலையிடம் பொறுப்பு போய்விடக்கூடாது என்பதற்காக. பூதத்தான் எடுத்தான் என்று சொன்னதும் நான்தான்.

இதைத்தான் உள்ளே போய்ச் சொன்னேன். இவ்வளவு சுருக்கமாக வரவில்லை. ஜமாபந்தியில் ஆரம்பித்தேன். சுடலைக்கண்ணு, “சார், கயிறு எங்க?” என்று கேட்டார். அதற்குப் பிறகு சுருக்கமாக வந்தது.

“மிளா கொம்புல மாட்டிருக்கும்” என்றேன். “துண்டுல உப்பு...”

பூதத்தான் மரத்தடியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றிருந்தான். நான் சொன்ன எதற்கும் அவன் முகம் மாறவில்லை. இதற்கு மாறியது.

“எந்தப் பாறை?” என்றான்.

“ஓடை மேட்டுல, ரெண்டா பொளந்த...”

“புதன்கிழம நா பாத்த மிளா ஒரு பக்கமாத்தான் தலையச் சாச்சு வச்சிருந்துச்சு. கொம்புல கெடந்தத சருகுன்னு நெனச்சேன்.” சுடலைக்கண்ணுவிடம் திரும்பினான். “சார், இப்பம் ஏறுனா நாளைக்குக் காலைல அங்க நிக்கலாம்.”

சுடலைக்கண்ணு பத்து வரியைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “ஆறும் வரணும். அஞ்சர வந்தாலும் இந்தத் தாள் உள்ள போவும். இவரு சொல்லுதது நெசமா, ஒனக்காவச் சொல்லுதாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?” பிறகு என்னிடம்: “இடத்தக் காட்ட நீங்களும் ஏறணும்.”

மேடம் வண்டியில் ஏறிவிட்டார்.  சகலை மட்டும் ஏறவில்லை. பெஞ்சில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றிக் கட்டைத் தடவிக்கொண்டார்.

“பொறுப்பு உமக்குத்தான் வேணும்னு சொல்லிருந்தா விட்டுக் குடுத்திருப்பேன்லா, சகல” என்றார். “கயிறுதானே வே.”

பிப்ரவரி 15, சனி

சகலையைச் சாவடியில் விட்டுவிட்டுப் பூதத்தான், இன்னும் இரண்டு காவலர்கள், நான் நால்வரும் முந்தின நாளே ஏறினோம். வழியெல்லாம் பூதத்தான் மற்ற இருவரோடு பேசினான். எனக்குத் தண்ணீர் கொடுத்தான். பேசவில்லை.

பாறையைக் காட்டினேன். அதிலிருந்து தடம் பிடித்தார்கள். முதலில் ஒரு நீல நூல் முள்ளில். பிறகு ஒரு முழக் கயிறு, அறுந்தது. அதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது. பூதத்தானுக்கு வரவில்லை. “இழுத்து அறுத்திருக்கு” என்று மட்டும் சொன்னான்.

பத்து மணிக்குச் சத்தம் கேட்டது. கொட்டகைக்குள் யாரோ மரம் அறுக்கிற மாதிரி மூச்சு. உண்ணிச்செடிப் புதருக்குள் மிளா நின்றிருந்தது. இவ்வளவு பெரிய மிருகம் என்று எனக்குத் தெரியாது. கொம்பு இரண்டுக்கும் நடுவே என் தேன்குழல். அதிலிருந்து பிரிந்த இழைகள் புதரின் அடித்தண்டைச் சுற்றி, முன்னங்காலைச் சுற்றி, தலையைத் தரையோடு இழுத்துப் பிடித்திருந்தன. கால்சதை பிளந்து ஈ மொய்த்தது. சுற்றியிருந்த மண் முழுவதும் உழுதது போல் இருந்தது.

“நீங்க இங்கயே இருங்க. அசையக்கூடாது” என்றான்.

நான் அசையவில்லை. மூவரும் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் போனார்கள். ஒருவன் கம்பளியை வீசினான். தவறியது. மிளா துள்ளியபோது புதரே வேரோடு ஆடியது. கொம்பு பூதத்தானின் விலாவை உரசிக்கொண்டு போனது. சட்டை கிழிந்தது தெரிந்தது, உள்ளே என்ன ஆனது என்று தெரியவில்லை. நான் வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொண்டேன். இரண்டாம் தடவை கம்பளி கண்ணை மூடியது. பூதத்தான் அதன் கழுத்தின்மேல் முழு உடம்பையும் போட்டுப் படுத்து, அரிவாளைக் கொம்புக்குள் விட்டு அறுத்தான். ஒவ்வொரு இழையாக. அறுத்த ஒவ்வொரு துண்டையும் கீழே போடாமல் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

காலில் இருந்ததை அறுத்ததும், “விடு” என்றான். மூவரும் உருண்டு விலகினார்கள். மிளா எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்து, அந்தக் காலை ஊன்றாமல் மூன்று காலில் நின்றது. பிறகு சரிவில் இறங்கிப் போய்விட்டது. பிழைக்குமா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. தெரியாததால்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

பூதத்தானின் விலாவில் ஒரு சாண் நீளத்துக்குச் சிராய்ப்பு. ஆழமில்லை. இடுப்பிலிருந்து துண்டுகளை உருவி என் முன்னால் போட்டான்.

“எண்ணுங்க.”

பத்தொன்பது துண்டு. முடிச்சு, மயிர், ரத்தம். பாறையில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். அறுபட்ட முனை எது, கடையில் நெருப்புக் காட்டித் தீய்த்த முனை எது என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஒரு கயிற்றுக்குத் தீய்த்த முனை இரண்டு. ஆறு கயிற்றுக்குப் பன்னிரண்டு. பதினொன்று கிடைத்தது. அவன் எதுவும் சொல்லாமல் எழுந்து புதருக்குள் மறுபடி போனான். விலாவைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் ஊர்ந்து. அரைமணி நேரம். நானும் போய் மறுபக்கத்திலிருந்து ஊர்ந்தேன். முள் கிழித்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. பன்னிரண்டாவது முனை, புதரின் தண்டில் பட்டைக்குள் இறுகிப் புதைந்து கிடந்தது. விரலால் வரவில்லை. பல்லால் இழுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு. சோதனைச் சாவடி

சுடலைக்கண்ணுவின் மேசைமேல் ஆறு வரிசையாக அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றையும் முழுக் கயிறு ஒன்றின் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். ஒரு சாண் முன்னே பின்னே இருந்தது. அரிவாள் தின்றது என்று பூதத்தான் சொன்னான். ஒப்புக்கொண்டார்.

நான் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை ஜமாபந்தி இல்லாமல். என் ஆபீசுக்கு ஒரு நகல் போகும். இந்தக் காட்டில் இனி எனக்கு அனுமதி இல்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துச் சுடலைக்கண்ணு நான்காகக் கிழித்தார். “பட்டியல் நாளைக்குக் காலைல போவுது. பேரு இருக்கும். போய் மருந்து போடு.”

சகலை இரண்டு நாளும் சாவடியிலேயே இருந்திருக்கிறார். ஊருக்குப் போன் போட்டு, சங்கரபாகத்துக்கு வேலை முடியவில்லை என்று ஆவுடையிடம் சொல்லியிருக்கிறார். என்ன வேலை என்று அவள் கேட்டாளாம். “வந்து அவரே சொல்லுவாருன்னு சொல்லிட்டேன் வே” என்றார். சொல்லித்தான் ஆக வேண்டும். அவருடைய சோபாக் கதையைவிட என் வாயால் வருவது எனக்கு நல்லது என்று வேடிக்கையாக ஏதோ சொல்லப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

பூதத்தான் பதிவேட்டில் கயிறு பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன். என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். அவன் பிள்ளைகளின் பெயரைக் கேட்கலாம் என்றுகூட. 

பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தான். கோபமாக எதுவும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

“வண்டி நிக்கி. போய்ட்டு வாங்க சார்.”

இத்தனை நாளும் அண்ணாச்சி என்று கூப்பிட்டவன். சரி என்று சொல்லிவிட்டு வந்து வண்டியில் ஏறினேன்.